போன் அடித்தால் எடுக்க ஓர் ஆள்: மதுரை உரிமை உதவி எண்ணுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன ஐப்பசி மழையில், மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் பெரியம்மா இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். "எப்பவும் போற வயக்காட்டு வழியிலயே தூக்கிட்டுப் போங்க" என்பதுதான் பேச்சு. வயலில் முழங்கால் அளவு தண்ணீர். மதியம் இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய உடல் இரவு எட்டு மணி தாண்டியும் வாசலிலேயே இருந்தது. மேலே தார்ப்பாய், பக்கத்தில் அழுது அழுது குரல் போன பெண்கள்.

100-க்கு அடித்தார்கள். இரண்டு காவலர்கள் வந்தார்கள். "முதல்ல காரியம் நடக்கட்டும், மத்ததைப் பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். முள் விலகியது, உடல் போனது. மூன்றாம் நாள் மனு எழுதிக்கொண்டு காவல் நிலையம் போனபோது, "அதான் அன்னைக்கே முடிஞ்சுபோச்சே" என்று பதில். மனு ரசீதுகூடக் கொடுக்கவில்லை. அந்த ஊரில் அன்று என்ன நடந்தது என்று இன்றைக்கு யாராவது கேட்டால், காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

அந்த ஆறு மணி நேரத்தில் எங்கள் உறுப்பினர் பதினோரு பேருக்குப் போன் செய்திருக்கிறார். ஆசிரியர், வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவர், கட்சிக்காரர் என்று தெரிந்த எல்லோருக்கும். எடுத்தவர்கள் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்களில் மூன்று பேர் அந்தப் பதினொன்றில் உண்டு. இந்த வேண்டுகோள் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு உட்கார்ந்து படித்தோம். சொல்லியிருக்க வேண்டியது நிறைய இருந்தது. சுடுகாட்டையோ பொதுப்பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பெயர் சொல்லியே குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, செருப்புப் போட்டு நடப்பது, பைக்கில் போவது, கல்யாண ஊர்வலம் விடுவது என்று நம் ஊர்களில் எதையெல்லாம் தடுப்பார்களோ அதையெல்லாம் 2015 திருத்தத்தில் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள். வாயால் சொன்ன புகாரை அதிகாரி எழுதி, படித்துக்காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். "விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடறோம்" என்று இழுக்கவும் வழியில்லை. முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-லேயே தனிப் பிரிவு சேர்த்தாகிவிட்டது. புலன்விசாரணை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் கையில் இருக்க வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம்.

இதில் ஒன்றாவது அன்று இரவு போனில் ஒருவர் சொல்லியிருந்தால்? வேண்டாம், "முள்ளை எடுக்குமுன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்" என்றாவது சொல்லியிருந்தால்?

நம் மாவட்டத்துக்கு இது புதிய கதை இல்லை. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள், காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்கள் நுழைந்தார்கள். அவர்களைக் காக்கும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் தனித்தொகுதியான நாளிலிருந்து மிரட்டல்தான். தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதேபோல் தனித்தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்தி முடிக்கப் பத்து ஆண்டு ஆனது. தலித் தெருக்களைப் பிரித்து நின்ற உத்தப்புரம் சுவரில் 2008 மே மாதம்தான் வழி திறந்தது. வைத்தியநாத ஐயர் காலத்தில் ஆட்கள் முன்னால் போனார்கள், சட்டம் பின்னால் வந்தது. இப்போது சட்டம் இருக்கிறது. கூடப் போக ஆள்தான் இல்லை.

அரசே எண் வைத்திருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற தேசிய உதவி எண் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தயவுசெய்து இவற்றை இப்போதே உங்கள் போனில் பதிந்துவையுங்கள். எங்கள் எண் வந்த பிறகும் அழிக்க வேண்டாம். எங்களுக்கு இவற்றோடு போட்டி இல்லை. புகார் பதிவான பிறகு உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ ஒரு அம்மா தனியாக பஸ் ஏறி வர வேண்டுமே, அங்கேதான் நாங்கள் நிற்க விரும்புகிறோம். அடிபட்டவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், யார் அடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்க வேண்டும். பல குற்றங்களுக்கு அரசு தரும் நிவாரணத் தொகையின் முதல் பங்கு எஃப்.ஐ.ஆர். போட்ட கட்டத்திலேயே வர வேண்டும். வரவில்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவே சொல்கிறது.

உதவி எண் நடக்கப்போகும் விதம் எளிது. ஒரே எண், இரண்டு போன்கள். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்ற இயந்திரக் குரல் இருக்காது. மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம். கையில் காசில்லாத நேரத்தில்தான் இப்படிப்பட்ட போன்கள் வருகின்றன. காலை எட்டு முதல் இரவு பத்து வரை இரண்டு பெண்கள் மாறி மாறி இருப்பார்கள், அதன் பிறகு விடியும்வரை ஒருவர். சொல்வதைச் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டி, பதிவு எண் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் அந்தந்த வட்டாரத்துத் தன்னார்வலர் நேரில் போவார். அப்புறம் ஏழாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் நாங்களே கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்போம். அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்பது விதி.

சாதி கேட்டுப் போன் எடுக்க மாட்டோம். முன்பணத்துக்காகச் சூளையில் பிடித்துவைக்கப்பட்ட குடும்பம், விசாரணை என்று இரவில் கூட்டிப்போன பையனைத் தேடும் தாய், சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்லப்பட்ட தொழிலாளி, வாடகை வீடு மறுக்கப்பட்ட திருநங்கை, தமிழ் தெரியாத வடமாநில வேலையாள் என யார் கூப்பிட்டாலும் இது அவர்களுடைய எண். செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எடுக்க மாட்டோம். எந்தப் புகாரையும் பேசி முடித்துவைக்க மாட்டோம். இந்த ஒன்றில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு, ஏனென்றால் கட்டப்பஞ்சாயத்து நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் ஒரு பெயரும் ஒரு படமும் எங்களிடமிருந்து பத்திரிகைக்குப் போகாது.

சரி, பணம். போன் எடுக்கும் இரண்டு பெண்களுக்கு மாதம் தலா 16,000 ரூபாய் சம்பளம், இரவு வேலைக்கு 10,000. இதைத் தன்னார்வமாகச் செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். நாள் முழுக்க அடுத்தவர் அழுகையைக் கேட்கிற வேலையைச் சம்பளம் இல்லாமல் யாரிடமும் கேட்பது நியாயமில்லை என்று முடிவு செய்தோம். அறை வாடகை 9,000, போனும் இணையமும் 3,000, தன்னார்வலர்களின் பஸ், பெட்ரோல் செலவு 12,000, ஜெராக்ஸ், தபால், ஸ்டிக்கர் 4,000. மாதம் 70,000, வருடத்துக்கு 8,40,000. தொடக்கச் செலவாக அறைக்கு அட்வான்ஸ் 60,000, அதுபோகக் கணினி, போன்கள், பூட்டு வைத்த இரும்பு பீரோ மூன்றும் சேர்த்து 1,00,000. ஆக முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம். எங்களுக்குள் போட்டு 1,85,000 சேர்த்துவிட்டோம். மீதி 8,15,000-க்கு உங்களிடம் வருகிறோம்.

நூறு ரூபாயும் பெரிய தொகைதான். வீட்டுக்கு வீடு வரும்போது முகம் சுளிக்காமல் இருந்தால் அதுவும் உதவிதான். மாதம் 500 என்று ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொள்பவர்கள் கிடைத்தால் சம்பளத்தைப் பற்றிய கவலை தீரும். கட்சியின் பெயரிலும் சாதிச் சங்கத்தின் பெயரிலும் வாங்குவதில்லை. நாளை அவர்கள் ஆள் மேலேயே புகார் வரலாம். சிங்கப்பூர், துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் சட்டப்படி நாங்கள் வாங்க முடியாது, மன்னிக்கவும். எவ்வளவு கொடுத்தாலும் எண் போட்ட ரசீது உண்டு. வரவு செலவை மாதா மாதம் அறையின் வாசலில் ஒட்டுவோம், யாரும் வந்து படிக்கலாம்.

தை பிறந்ததும் போன் அடிக்கத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். அதற்குள் இன்னொன்றும் வேண்டும். திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் ஆகிய ஒவ்வொரு வட்டாரத்திலும் கடைசி பஸ் போன பிறகும் பைக்கை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரக்கூடிய நான்கு பேர் தேவை, அதில் பாதிப் பேராவது பெண்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நாங்கள் இரண்டு நாள் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறோம். பணம் தர முடியாதவர்கள், நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வரும் எங்கள் உறுப்பினரிடம் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உதவி எண் அமைப்புக் குழுவினர்,
மதுரை