பெயின்டர் அண்ணனின் யோசனை

ஆசிரியருக்கு வணக்கம். ஆண்களின் மனச்சோர்வு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில் ஐ.டி. ஊழியர் இருந்தார், கல்லூரி மாணவர் இருந்தார், எங்கள் பக்கத்து ஆட்கள்தான் இல்லை. செங்குன்றத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். காவாங்கரை அகதிகள் முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ் பெயின்டர்கள்தான் காலையில் என் முதல் போணி.

அதில் ஓர் அண்ணன், 1990இல் தலைமன்னாரில் படகேறியபோது பதினாறு வயசாம். ஒருநாள் பிரைமர் வாளியைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தார், பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியும் கை நிற்கவில்லை. என்னண்ணே என்றேன். "யோசனை தம்பி, இரவில நித்திரை இல்லை." அவர்கள் பேச்சில் யோசனை என்றால் கவலை என்பதே எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. மனச்சோர்வு என்று அங்கே எந்த ஆம்பளையும் சொல்லிக் கேட்டதில்லை, தலைப்பாரம் என்பார்கள், கை கால் உளையுது என்பார்கள். டாக்டரைப் பாருங்கள் என்றால் "எனக்கென்ன விசரா?" என்று கேட்பார்கள் (விசர் என்றால் பைத்தியம், நாம் கீழ்ப்பாக்கம் என்று கிண்டலடிக்கிறோமே, அதே கதைதான்). அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவார்கள், சிலர் சாயங்காலம் குடிப்பார்கள். "சாரத்தில ஏறி நிண்டா யோசனை வராது, இறங்கினாத்தான்" என்றார் அண்ணன்.

2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், உதவித்தொகையைக் கூட்டினார்கள், சரி. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகனுக்குக் குடியுரிமை கிடையாது, 2019 குடியுரிமைச் சட்டத்திருத்தம் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லவே இல்லை. பையன் டிகிரி முடித்துவிட்டு அப்பாவின் பிரஷ்ஷையே கையில் எடுத்த நாளிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை கூடிப்போனது, இதற்குத் தூக்க மாத்திரை என்ன செய்யும்?

டெலிமனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், நான்தான் அவர் போனில் பதிந்து கொடுத்தேன். இன்றுவரை அடிக்கவில்லை. "கதைச்ச உடனே முகாம் ஆள் எண்டு தெரிஞ்சிடும், பிறகு ஆரும் வந்து விசாரிச்சா?" என்கிறார். மாதாமாதம் அதிகாரிகள் முன் நேரில் நின்று தலை எண்ணிக்கை கொடுத்தே பழகியவருக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்.

ஒருமுறை யாரோ கவுன்சலிங் நடத்த வந்தார்களாம், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு! ஆண்கள் யார் இருப்பார்கள்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரட்டும். மனநலம் என்று பேனர் கட்டாமல், தூக்கம் வராதவர்கள் வாங்க என்று கூப்பிட்டாலே போதும். நீங்களும் நிருபரை அனுப்புவதாக இருந்தால் ஏழு மணிக்கு முன்னால் என் கடைக்கு வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எல்லாரும் சாரத்தில் இருப்பார்கள்.

- ஒரு வாசகர், செங்குன்றம்