பொன்னாடை பிறகு, கதை முதலில்

கொழும்புக் கோயில்களின் பரிபாலன சபையாருக்கும் திருவிழா உபயகாரருக்கும்,

வணக்கம். நான் வில்லுப்பாட்டுக் குழுவொன்றில் குடம் அடிப்பவன். வில்லுக்காரர் கதை சொல்லும்போது பக்கத்தில் இருந்து "ஆமா" போடுவதும் என் வேலைதான். ஆமா போட்டே பழகின வாய். இன்றைக்கு ஒருதரம் "இல்லை" சொல்ல விடுங்கள்.

போன வருடம் ஒரு திருவிழா. கோயிலின் பெயர் வேண்டாம். அரிச்சந்திரன் கதை, ஏழரை மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். ஆசியுரை, தலைமையுரை, பிறகு பொன்னாடை. பதினொரு பேருக்குப் போர்த்தினார்கள், இருந்த இடத்தில் எண்ணினேன். நாங்கள் வில்லுக்குப் பின்னால் சப்பாணி கட்டியபடி. வில்லில் முதல் அடி விழ எட்டு ஐம்பது ஆகிவிட்டது.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்கவேண்டும் என்பது 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. அதில் எனக்குக் கோபமில்லை. சுற்றிவர மாடிவீடுகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். ஆனால் லோகிதாசனைப் பாம்பு தீண்டி, சந்திரமதி பிள்ளையைச் சுமந்துகொண்டு சுடலைக்குப் போகிற இடத்தில், சபைக்காரர் ஒருவர் மேடையில் ஏறி வில்லுக்காரரின் காதுக்குள், "ஐயா, மங்களத்தைப் பாடுங்கோ" என்றார். பாடினோம். பிள்ளை செத்துக் கிடக்க மங்களம்!

பிறகு காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பேத்தியைக் கையில் பிடித்திருந்த ஒரு அம்மா கிட்ட வந்தா. "தம்பி, அந்தப் பெடியன் எழும்பினவனோ எண்டு இவள் கேக்கிறாள்." ஓம், எழும்பினவன் என்றேன். எப்படி என்று சின்னவள் கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

கச்சேரியில் ஒரு கீர்த்தனையைக் குறைக்கலாம், ஆருக்கும் தெரியாது. கதையில் எதைக் குறைப்பது? முதல் அரைமணித்தியாலத்தில் விடுகிற பகிடியெல்லாம் பின்னுக்கு வரப்போகிற அழுகைக்காகத்தான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வில்லுக்காரர் சின்னமணி வில்லெடுத்தால் சனம் பாய் விரித்துச் சாமம் தாண்டியும் இருந்தது. தமிழ்நாட்டில் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்த வில்லுக்காகத்தான். இங்கே மட்டும் அது பேச்சாளர் வந்துசேரும் வரைக்கும் இடைவெளி நிரப்ப.

மைக்கைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் நிலத்தில் இருந்து பாடுகிறவர்கள். ஆள் உயர ஸ்டாண்டைக் கொண்டுவந்து வளைத்துக் கட்டினால் அது பாதிக் கதையில் தலைகுனிந்துவிடும். குட்டை ஸ்டாண்ட் மூன்று போதும். குடத்தின் வாய்க்கு நேரே மைக்கை வைக்கவேண்டாம், பத்தி என்கிற மட்டையால் அடிக்கும்போது காற்றுத்தான் கேட்கும், நாதம் கேட்காது. கொஞ்சம் சரித்து, ஒரு சாண் தள்ளி வையுங்கள். "ஆமா" போடுகிறவனுக்கும் ஒன்று வேண்டும். அவனுடைய குரல் சபைக்குக் கேட்காவிட்டால் வில்லுக்காரர் தனியே புலம்புகிற மாதிரித்தான் இருக்கும்.

சன்மானத்தைப் பற்றி இதில் எழுதவில்லை. அது வேறு கதை, இதைவிட நீளம்.

உங்களில் ஒரு சபையார் இந்த முறையும் எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அதே அரிச்சந்திரனுக்கு. வருகிறோம். பூசை முடிந்த கையோடு, ஏழு மணிக்கு வில்லில் அடி விழட்டும். பொன்னாடையை மங்களத்துக்குப் பிறகு போர்த்துங்கள். அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

இப்படிக்கு,
ஆமா போடுகிறவன்,
வெள்ளவத்தை.