தைலம் தடவும் முன்

அன்புள்ள கண்ணனுக்கு,

போர்வை நுனி பட்டாலே பெருவிரலில் உயிர் போகிறது என்று நேற்றிரவு நீ சொன்னபோது, எனக்கு ஐம்பது வயதில் வந்த கவுட் வலி உனக்கு முப்பத்தெட்டிலேயே வந்துவிட்டதோ என்று மனம் பதறியது. அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டில் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ.

நீ வாங்கி வைத்திருக்கும் தைலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கவுட் என்பது, ரத்தத்திலுள்ள யூரிக் அமிலம் என்ற கழிவு ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிவதால் எழும் வலி. தைலத்தின் மென்தால் தோலில் குளிர்ச்சியை உணரவைக்குமே தவிர, அந்தப் படிகங்களைக் கரைக்காது. இது தெரியாமல் அன்று நான் தைலத்தை அழுத்தித் தேய்த்து, துணியால் இறுகக் கட்டி, மேலே வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தேன். சூட்டில் மருந்து அளவுக்கு மீறித் தோலுக்குள் இறங்கியதில் கால் கொப்பளித்துப் புண்ணாகி, கவுட் வலி தணிந்த பின்னும் செருப்புப் போட முடியாமல் கிடந்தேன். உனக்கு அது வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இருபது நிமிடம் வைத்து எடு. வீங்கிய மூட்டுக்கு அதுவே இதம்.

வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாமா என்று கேட்டிருந்தாய். முழங்கால் தேய்மானத்துக்கு அது உதவுவது உண்மை. கவுட்டுக்கு அந்த அளவு சான்று கிடையாது. மருத்துவர் சரி என்றால், புண்ணோ வெடிப்போ இல்லாத தோலில் மட்டும் மெல்லத் தடவி, குழந்தையைத் தூக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. உனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், ஜெல்லோடு வலி மாத்திரையையும் நீயாகச் சேர்த்துக்கொள்ளாதே. வலி மாத்திரைகளில் பலவும் இந்த ஜெல்லும் ஒரே வகை மருந்து, சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம். மிளகாய்க் காரம் சேர்ந்த களிம்பை இந்தச் சமயத்தில் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, உன்னோடு இருக்கும் பெரியப்பா இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். முதுகு வலி என்று அவர் கேட்டாலும் அந்தத் தைலத்தைக் கொடுத்துவிடாதே. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவிலேயே காட்டலாம். அதை நம்பி விட்டுவிடாமல், வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பார். எனக்கு 100 மில்லி ரத்தத்தில் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்லி, அதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகுதான் என் கால் எனக்கு அடங்கியது.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரவு எந்நேரமானாலும் கூப்பிடு. நானும் அம்மாவும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா