மே 18 கூட்டம் நடத்துற பெங்களூர் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்துக்கு இந்த வருஷ அழைப்பிதழ் வாட்ஸ்அப்ல வந்துச்சு. கொழும்பு செஞ்சது, டெல்லி செஞ்சது, நார்வே செஞ்சதுன்னு எல்லாத் தலைப்பும் இருக்கு, பேசவும் வேணும். ஈழத் தமிழ் இயக்கங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கொன்னதப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல. போன வருஷம் அல்சூர்ல ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் எழுந்து, புலிகள் அழிச்ச டெலோ இயக்கத்துப் பிள்ளைங்களப் பத்தி, "டெலோ பொடியள் என்ன பிழை செய்தவங்கள்?"னு கேட்டதுமே மைக்க வாங்கிட்டீங்க, அவர் கை நடுங்க நின்னதப் பக்கத்து சேர்ல இருந்து பார்த்தவன் நான், இன்னும் மனசு ஆறல.

1985ல பூட்டான் தலைநகர் திம்புல இலங்கை அரசோட நடந்த பேச்சுல புலிகள், டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், புளொட்னு ஆயுத இயக்கங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணிக் கட்சியும் ஒண்ணா நின்னு ஒரே நாலு கோரிக்கைய வச்சாங்க. அடுத்த வருஷமே புலிகள் டெலோவ அழிச்சாங்க, மே 6 அதோட தலைவர் சிறீ சபாரத்தினத்தக் கொன்னாங்க, டிசம்பர்ல ஈபிஆர்எல்எஃப் மேல பாய்ஞ்சாங்க. தப்பிச்சவன் எங்க போவான்? உயிர் பிழைக்க எந்த ராணுவம் இடம் குடுத்துச்சோ அங்க போனான். அவன துரோகின்னு ஒரே வார்த்தைல முடிச்சா, அந்த நிலைமைக்கு யார் தள்ளினாங்கன்னு கேக்கவே முடியாது. 1989ல புலிகளால இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவோட உக்காந்து பேச முடிஞ்சது, ஆனா ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபாவோட முடியல, 1990 ஜூன்ல கோடம்பாக்கத்துல வச்சு சுட்டாங்க.

புலிகளோட துணைத் தலைவரா இருந்த மாத்தையாவுக்கே 1994ல இயக்கமே மரண தண்டனை குடுத்துச்சுன்னா, அப்புறம் பேச்சுவார்த்தைக்குப் போறவர் எந்த தைரியத்துல விட்டுக்குடுத்து வருவாரு சொல்லுங்க, உள்ள மாத்திப் பேசினா உயிர் போகும்னு தெரியுமில்ல?

புலிகளோட கிழக்குத் தளபதி கருணா, நார்வே நடுவுல நின்னு நடத்தின பேச்சுல புலிகள் பக்கம் உக்காந்தவர்தான். 2004 மார்ச்ல புலிகள விட்டுப் பிரிஞ்சப்போ, இயக்க நிர்வாகத்துல கிழக்குக்காரங்களுக்கு இடமே இல்லன்னாரு. அவர் பின்னாடி செஞ்சத நான் நியாயப்படுத்தல, ஆனா அந்தக் குறை மட்டக்களப்பு, அம்பாறை ஜனங்க மனசுல இருந்தது நிஜம். உள்ளயே பேசித் தீர்க்க வழி இல்லாம ஏப்ரல்ல வெருகல் ஆத்தங்கரைல புலிகளுக்கும் கருணா ஆளுங்களுக்கும் நடந்த சண்டைல கிழக்குப் பிள்ளைங்களே ரெண்டு பக்கமும் நின்னாங்க. 2006 பிப்ரவரில புலிகளும் அரசும் ஜெனீவால பேசினது பூரா போர்நிறுத்தமும் கருணா குழு ஆயுதமும்தான், தீர்வுப் பக்கமே வரல. 2007 ஜூலைல கிழக்குல புலிகளோட கடைசிக் கோட்டையான குடும்பிமலை ராணுவத்துக்கிட்ட போச்சு, கிழக்கே போச்சு.

சிங்கள அரசோட குற்றம் இதனால ஒரு துளி கூட கொறையாது, முள்ளிவாய்க்கால்ல செத்தவங்களுக்கு அழற அதே கண்ணுதான் இவங்களுக்கும் அழுது.

இந்த மே 18ல ஒரு அமர்வு இதுக்கு ஒதுக்குங்க. நம்ம ஆளுங்க கையாலேயே செத்த டெலோ, ஈபிஆர்எல்எஃப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்துங்க, அவங்க குடும்பத்துக்காரங்க யாராச்சும் வந்தா பேச விடுங்க. ஹால் வாடகைல என் பங்கு எப்பவும் போல தர்றேன்.