அந்தச் சிவப்புப் பழத்தின் பெயர் ஆக்கி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படக்காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜமைக்கா வீட்டுக் கொல்லையில் அந்தப் பெண் கூடையில் பறித்துப் போடுவது முந்திரிப்பழம் அல்ல. பண்ருட்டியில் வளர்ந்த உனக்கு அப்படித் தோன்றியது இயல்புதான். அதே சிவப்பு, அதே தொங்கல். ஆனால் முந்திரிக்கொட்டை பழத்துக்கு வெளியே, அடியில் ஒற்றையாகத் தொங்கும். இந்தப் பழமோ மூன்றாகப் பிளந்திருக்கிறது. உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றும் வெண்ணெய் நிறச் சதையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையையும் கவனி. முந்திரிக்குத் தனி இலை, நுனி உருண்டிருக்கும். இங்கே ஒரே காம்பில் சிற்றிலைகள் இணை இணையாக இருக்கின்றன. சந்தேகமே இல்லை, இது ஆக்கி. ஜமைக்காவின் தேசியப் பழம்.

மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமை வணிகம் நடந்த 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து ஜமைக்கா வந்தது. இழுத்து வரப்பட்ட மக்களின் ஊர் மரம் அவர்களோடு அங்கேயும் வேர் பிடித்ததை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஆனால் தாவரவியல் பெயரில் இருப்பவர் வில்லியம் பிளை என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். தாஹிதித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். திரும்பும்போது 1793இல் ஆக்கியை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் அது பிளைகியா சாபிடா ஆயிற்று. நம் வீட்டில் பட்டுப்புடவை அலசும் பூந்திக்கொட்டையும், லிச்சியும், ரம்புத்தானும் இதே குடும்பம்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. உன் ஜமைக்காத் தோழி விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும்போது பழம் கொண்டுவருவதாகச் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். மரத்திலேயே தானாக வாய் பிளந்த ஆக்கியை மட்டுமே தின்னலாம். மூடியிருப்பதைப் பறித்துக் கையால் பிளந்தால் அது விஷம். ஹைப்போகிளைசின் என்ற பொருள் காய்ச் சதையில் நிறைய இருக்கிறது. பழுத்துப் பிளக்கும்போது வெகுவாகக் குறைந்துவிடும். விதையில் மட்டும் எப்போதும் இருக்கும். அது உடலுக்குள் போனால் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் வேலையும், கல்லீரல் சர்க்கரை உண்டாக்கும் வேலையும் தடைபடுகின்றன. இரத்தச் சர்க்கரை சரிந்து, விடாத வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். பிகாரின் முசாபர்பூரில் குழந்தைகள் இறந்துபோன செய்தி உனக்கு நினைவிருக்கும். குழந்தைகள் பகலில் தோப்பு லிச்சியைத் தின்றுவிட்டு இரவில் சாப்பிடாமல் படுத்ததற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கேயும் இதே வகை நஞ்சுதான். அமெரிக்கா 1973 முதல் 2000 வரை ஆக்கி இறக்குமதியையே நிறுத்தி வைத்திருந்தது.

ஆகவே பெட்டியில் வரும் பழம் உனக்கு வேண்டாம். தோழி மனம் கோணாதபடி சொல்லிவிடு. லண்டனில் கரீபியன் கடைகளில் டின்னில் வேகவைத்த ஆக்கி கிடைக்கும். உப்புக் கருவாட்டை இரவே ஊறவைத்து, வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்துக்கொள். வெங்காயம், தக்காளி, மிளகாய் வதக்கி, கருவாட்டைப் போட்டுக் கிளறி, கடைசியில் ஆக்கியைச் சேர். அழுத்திக் கிளறினால் குழைந்துவிடும். தட்டில் பார்த்தால் முட்டைப் பொரியல் போலவே இருக்கும். ஜமைக்காவின் தேசிய உணவு அதுதான். சமைக்கும் அன்று தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அந்தப் படத்தில் மரம் பூத்திருக்கும் காட்சி எங்காவது வந்தால் அதையும் அனுப்பு. ஆக்கிப் பூவை நான் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
அம்மா