மறுவிதைப்புச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

பயிர் அழிவு மதிப்பீட்டுக்கும் நட்டஈட்டுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ், முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிறவன் எழுதுகிறேன். 2018 டிசெம்பரில் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எங்கள் பக்கம் என்ன ஆனது என்பதும், 2024 கார்த்திகையில் ஃபெங்கல் புயல், 2025 கார்த்திகையில் டித்வா புயல் என்று அடுத்தடுத்த காலபோகங்கள், அதாவது மாரிகால நெற்செய்கைகள், எப்படிப் போயின என்பதும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். நேரே விசயத்துக்கு வருகிறேன்.

2024 வெள்ளத்துக்கு ஏக்கருக்கு உயர்ந்தபட்சம் 40,000 ரூபாய் நட்டஈடு என்று அறிவித்தீர்கள். நல்லது. எங்கள் பயிருக்கு அப்போது ஒரு மாதமும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்தபோது எல்லாம் அழுகிக் கிடந்தது. யாராவது வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தால் போகமே போய்விடும். திரும்ப உழுது, பலகையடித்து, முளைநெல் விதைத்தோம். மூன்றரை மாத நெல்லுக்கு இனி நாளில்லை, இரண்டரை மாத நெல்லினமான பி.ஜி. 250 தான் வேண்டும். ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அதுவே வேண்டுமென்றால் விதைநெல்லுக்கு எங்கே போவது? கிடைத்தது பாதிக் காணிக்கும் போதவில்லை. மிச்சத்துக்கு, வருவது வரட்டும் என்று வீட்டுச் சாப்பாட்டுக்குக் கட்டி வைத்திருந்த நெல்மூட்டையை அவிழ்த்து ஊறப்போட்டோம். அந்தத் தைப்பொங்கலுக்குக் கடையில் அரிசி வாங்கிய கமக்காரன் நான்.

உத்தியோகத்தர் பார்வையிட வந்தபோது வயல் பச்சையாக நின்றது. “பயிர் நிக்குதுதானே அண்ணை” என்றார். அழிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவரில் குறையில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் மறுவிதைப்புக்கு இடமே கிடையாது. விதைக்காமல் விட்ட பக்கத்துக் காணிக்காரருக்குப் பணம் வந்தது. வரட்டும், அவருக்கும் நட்டம்தான். ஆனால் சும்மா விட்டால் காசு, திரும்ப விதைத்தால் ஒன்றுமில்லை என்றால், அடுத்த வெள்ளத்துக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

பிந்தி விதைத்த பயிரின் பாடு வேறு. அயலெல்லாம் அறுத்து மாடுகளை அவிழ்த்துவிட்ட பிறகு, வயல்வெளியில் பச்சையாக நிற்பது எங்களுடையது மட்டும்தான். இரவில் மாட்டுக்குக் காவல், பகலில் பூச்சிக்கு மருந்து.

கேட்பது ஒன்றுதான். உழவுக்கூலி, விதைநெல், முதல் பசளை என்று மறுவிதைப்புக்குப் போகும் செலவைப் பயிர் அழிவாகவே கணக்கில் எடுங்கள்.

காலநிலை மாற்றத்துக்கு இசைவாக வேண்டும் என்று கூட்டம் வைத்தீர்கள், வந்தோம். பதாகை கட்டி, கோப்பும் பேனையும் தந்து, மத்தியானம் சோற்றுப் பார்சலும் தந்தீர்கள். கோழிக்கறி நன்றாகவே இருந்தது. குறுகிய வயது நெல்லை விதையுங்கள், நிலைமைக்கு ஏற்ப மாறுங்கள் என்றீர்கள். அதைத்தானே ஐயா செய்தோம்! 2024 இல் எங்கள் வயலில் தண்ணீர் ஏறுவதற்கு இரண்டொரு நாள் முன்புதான் அசர்பைஜானின் பாக்கு நகரில் உலக நாடுகள் காலநிலை மாநாட்டுக்குக் கூடி, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க 2035 அளவில் வளர்முக நாடுகளுக்கு ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாக முடிவெடுத்தன. தலைமடையில் திறக்கிற அந்தக் காசு எத்தனை கைமாறி, எத்தனை கருத்தரங்கு நடத்தி, கடைமடைக்கு வந்து சேரும்? அதுவரை இசைவாவதற்கான செலவெல்லாம் எங்கள் நெல்மூட்டையிலிருந்துதான்.

சரி, பாக்கு உங்கள் கையில் இல்லை. படிவம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் மறுவிதைப்புக்கு ஒரு நிரல் சேருங்கள். தண்ணீர் வடிந்து ஒரு கிழமைக்குள் ஆளனுப்பிப் பாருங்கள். ஆள் போதாதென்றால் கமக்காரர் அமைப்பின் கையொப்பத்தையும் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரும் காலபோக விதைப்புக்கு முன், புரட்டாதிக்குள் இதைச் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முரசுமோட்டைக் கமக்காரன் ஒருவன்