தோட்டப் படம் பார்த்தேன், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நம் வீட்டுக்கு நீ வரைந்து அனுப்பிய தோட்டப் படம் அழகாக இருக்கிறது. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிப் பூப்பாத்தி வேண்டாம். ஹைட்ராஞ்சியாவுக்கு ஊற்றும் தண்ணீர் நேரே கடைக்காலுக்குள் இறங்கும். கோத்தகிரி மண் ஊறினால் இளகும், காய்ந்தால் இறுகும். ஒரு பக்கம் எப்போதும் ஈரமாகவே இருந்தால் வீடு ஒரே சீராக உட்காராது. இப்படித்தான் கீழ்வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியிருக்கிறது. இரண்டு ரூபாய் நாணயம் அதில் நுழைகிறது.

நீ கேட்ட டைல்ஸ் நடைபாதை போடலாம். வாட்டம் மட்டும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பத்தடிக்கு அரையடி இறக்கமாவது. கூரைத் தண்ணீரையும் பைப் வைத்துச் சாலையோரக் கால்வாய்க்கே கொண்டு போய்விடலாம்.

பின்மேட்டை வெட்டிப் புல்தரையை அகலமாக்குவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். மேட்டின் அடியை வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கனத்த மண் எங்கே வரும்? உன் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் தூங்குவது அந்தப் பின்னறையில்தானே, கண்ணு.

மேட்டைத் தாங்கும் பழைய கருங்கல் சுவரைப் பூசி ஓட்டைகளை அடைக்கவும் சொல்லியிருக்கிறாய். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேட்டுத் தண்ணீர் வெளியே வருகிறது. அடைத்தால் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். போன மழையில் குனிந்து பார்த்தேன். எல்லா ஓட்டையிலும் தெளிவாகத் தண்ணீர் வந்தது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் கலங்கலாக. அங்கே மண்ணும் அரித்து வருகிறது என்று அர்த்தம். புல்தரைக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்த இடத்தைப் பிரித்து, பின்னால் ஜல்லி நிரப்பிக் கட்டிவிடுவோம்.

மேட்டிலுள்ள சைப்ரஸ் மரமும் அப்படியே இருக்கட்டும். வெட்டினால் வேர் மக்கி, அந்தப் பொந்துகளில் மழைத்தண்ணீர் இறங்கும். 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் வாங்க வேண்டும். மேட்டில் வெட்டிவேர் வரிசையாக நடலாம். ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

மேஸ்திரி வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் படத்தை மாற்றி அனுப்பு. பூப்பாத்தியைக் கேட் பக்கம் நகர்த்திவிடு, அங்கே காலை வெயிலும் நன்றாக விழுகிறது.

அன்புடன்,
அப்பா